பாரிஸில் பிரெஞ்சு உணவகங்கள்: ஒரே மேசையில் சைவமும் அசைவமும், எப்படித் திட்டமிடுவது?

காவிரிக்கரை எழுதியது:

வணக்கம். அக்டோபர் இரண்டாம் வாரம் ஐந்து நாள் பாரிஸில் இருப்போம். நான்கு பேர். அம்மா சுத்த சைவம். பால், தயிர், வெண்ணெய் உண்டு, முட்டை கிடையாது. அப்பா கோழி, மீன், ஆடு சாப்பிடுவார், மாடும் பன்றியும் தொடமாட்டார். கணவரும் நானும் எல்லாம் சாப்பிடுவோம். தங்குமிடம் கார் த லியோன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில்.

லா ஷப்பேல் பக்கம் போனால் இட்லி, தோசை, கொத்து ரொட்டி எல்லாம் கிடைக்கும் என்பது தெரியும். ஒரு வேளை அங்கே போவோம். மற்ற வேளைகளில் பிரெஞ்சுக்காரர்கள் சாப்பிடும் இடத்தில், அவர்கள் சாப்பிடுவதையே சாப்பிட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. ஆளுக்கு ஒரு வேளைக்கு 25 யூரோ வரை பரவாயில்லை. கடைசி நாள் மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்யலாம்.

எந்த மாதிரி இடம், எந்த நேரம், முன்பதிவு வேண்டுமா, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எதை எப்படிக் கேட்டு வாங்குவது? "எல்லாம் கிடைக்கும், கவலைப்படாதீர்கள்" என்ற பதில் நிறையப் பார்த்துவிட்டேன். விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

மேசைவிரிப்பு எழுதியது:

முதலில் நேரம். நம் ஊர்க்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். பாரிஸில் சாதாரண உணவகத்தின் அடுப்பு மதியம் 12 மணிக்குப் பற்றவைத்தால் 2 மணிக்கு, மிஞ்சினால் 2:30க்கு அணைந்துவிடும். மறுபடி இரவு 7 அல்லது 7:30க்குத் திறந்து 10, 10:30 வரை. இடைப்பட்ட நேரத்தில் கதவு திறந்திருக்கும், மேசை காலியாக இருக்கும், காபியும் வைனும் தருவார்கள். சமையலுக்கு மட்டும் ஆள் இருக்காது. லூவ்ர் அருங்காட்சியகத்துக்குள் 10 மணிக்கு நுழைந்தால் மதியம் 12:45க்குள் வெளியே வந்துவிடும்படி திட்டம் போடுங்கள். பசியோடு 2:20க்கு வெளியே வருபவர்கள்தான் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே நடத்தப்படும் கடைகளில் போய் விழுகிறார்கள்.

வாசலில் "செர்விஸ் கோந்தினு" என்று எழுதியிருந்தால் மதியத்திலிருந்து இரவு வரை இடைவெளி இல்லாமல் சமைப்பார்கள் என்று பொருள். பூய்யோன், ப்ராஸ்ரி என்ற இரண்டு வகைப் பெரிய உணவகங்கள் (விளக்கம் கீழே) பெரும்பாலும் இப்படித்தான். ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் மூடும் சிறிய உணவகங்கள் ஏராளம். உங்கள் ஐந்து நாளில் அவை வந்தால் அந்த நாட்களுக்குப் பூய்யோனையோ ப்ராஸ்ரியையோ ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

இந்தப் பெயர்களுக்கு அர்த்தம் இருக்கிறது. பிஸ்ட்ரோ என்றால் சின்ன இடம், கரும்பலகையில் அன்றாடம் மாறும் ஏழெட்டு உணவு. ப்ராஸ்ரி என்ற சொல்லுக்கே பீர் வடிக்கும் இடம் என்றுதான் பொருள். அல்சாஸ் பகுதிக்காரர்கள் பாரிஸுக்குக் கொண்டுவந்தது. பெரிய கூடம், கடல் உணவு, புளித்த கோஸோடு பன்றி இறைச்சி. பஸ்தீய் பக்கம் உள்ள பொஃபாஞ்ஜே 1864ல் தொடங்கியது, உங்கள் தங்குமிடத்திலிருந்து நடந்தே போகலாம். ஆனால் ப்ராஸ்ரியில் ஒரு தட்டே 20 முதல் 30 யூரோ ஆகிவிடும்.

உங்கள் கணக்குக்குப் பொருந்துவது பூய்யோன். 1850களில் டுவால் என்ற இறைச்சிக் கடைக்காரர் சந்தைத் தொழிலாளர்களுக்கு மலிவாக இறைச்சிச் சாறு விற்க ஆரம்பித்ததிலிருந்து வந்த பெயர் இது. மோன்மார்த்ர் புறத்தெருவில் இருக்கும் பூய்யோன் ஷார்த்தியே 1896லிருந்து நடக்கிறது. முன்பதிவு கிடையாது. தினமும் 11:30 முதல் நள்ளிரவு வரை. பரிமாறுபவர் நீங்கள் கேட்டதை மேசை மேல் விரித்த காகிதத்திலேயே எழுதுவார், கடைசியில் அங்கேயே கூட்டிப் போடுவார். இடம் இல்லையென்றால் வேறு ஆட்களோடு ஒரே மேசையில் உட்கார வைப்பார்கள், அது அங்கே வழக்கம். சுவரில் எண் போட்ட சின்னச் சின்ன இழுப்பறைகள் தெரியும். வாடிக்கையாளர்கள் தங்கள் கைத்துண்டை வைத்துவிட்டுப் போனவை. மூன்று தட்டும் சேர்த்து ஆளுக்குச் சுமார் 20 யூரோவுக்குள் முடியும். 12:30க்கும் 8 மணிக்கும் வரிசை தெரு வரை வரும். 11:30க்கே போய் நில்லுங்கள், அல்லது 3:30க்குப் போங்கள். இதே வகையில் பூய்யோன் பிகால், பூய்யோன் ரெப்புப்லிக், அழகுக்காகவே பார்க்க வேண்டிய பூய்யோன் ஜூலியான் எல்லாம் உண்டு.

உணவின் தரம் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பூய்யோனில் சமையல் எளிமையானது, வேகமானது. கூடத்தின் அழகும் விலையும்தான் அதன் பலம். கவனமான சமையல் வேண்டுமென்றால் வார நாள் மதியத்தில் நல்ல பிஸ்ட்ரோவுக்குப் போவதே சரி. அங்கே "ஃபோர்முல்" என்று கரும்பலகையில் இருக்கும்: முதல் தட்டும் பிரதானத் தட்டும், அல்லது பிரதானத் தட்டும் இனிப்பும், 18 முதல் 28 யூரோ. அதே சமையல்காரர், அதே அடுப்பு, இரவில் 40, 50 யூரோ ஆகும். சனி, ஞாயிறு, அரசு விடுமுறைகளில் ஃபோர்முல் பெரும்பாலும் இருக்காது. பலகையில் ஒரு உணவை அழித்துவிட்டார்கள் என்றால் தீர்ந்துவிட்டது. 12:15க்குப் போனால் எல்லாம் இருக்கும், 1:30க்குப் போனால் பாதிதான்.

இரண்டு சொற்களில் ஏமாறாதீர்கள். அங்கே "மெனு" என்றால் குறித்த விலைக்கு வரும் முழுச் சாப்பாடு. உணவுப் பட்டியல் வேண்டுமென்றால் "லா கார்த்" என்று கேட்க வேண்டும். "ஆந்த்ரே" என்பது முதலில் வரும் சிறு தட்டு, பிரதான உணவு "ப்ளா". அமெரிக்காவில் "ஆந்த்ரே" என்றால் பிரதான உணவு என்பதால் அங்கிருந்து வருபவர்கள் குழம்புவார்கள்.

முன்பதிவு: நான்கு பேர் என்பதால் பிஸ்ட்ரோவுக்கு அவசியம். சின்ன இடங்களில் 30 இருக்கைதான். உணவகத்தின் சொந்தத் தளத்திலேயே பதிவு செய்யலாம், இரண்டு மூன்று வாரம் முன்பு போதும். 7 அல்லது 7:30 மணிக்குப் பதிவு செய்தால் 9 அல்லது 9:30க்கு அடுத்தவர்களுக்கு மேசையை விட வேண்டியிருக்கலாம், உறுதிக் கடிதத்திலேயே இருக்கும், படியுங்கள். அட்டை எண் கேட்டால் பயப்பட வேண்டாம். வராவிட்டால் மட்டும் அதிலிருந்து பணம் பிடிப்பார்கள். 15 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் போன் செய்து சொல்லிவிடுங்கள்.

தெருவில் நின்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடும் இடம், ஆறு மொழியில் படம் போட்ட பட்டியல் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். தேர்த்ர் சதுக்கம், உஷெத் தெரு இரண்டிலும் இது அதிகம். பட்டியலும் விலையும் வெளியே தெரியும்படி வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆகவே வாசலில் நின்று நிதானமாகப் படித்துவிட்டு உள்ளே போகலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். பட்டியலில் கூரை மூடி போட்ட பாத்திரம் போல ஒரு சின்னம் இருந்தால் அது "ஃபே மேசோன்", அதாவது அங்கேயே பச்சைப் பொருளிலிருந்து சமைத்தது. 2014லிருந்து இதற்கு விதி இருக்கிறது. இதில் ஒரு நுணுக்கம்: உறைய வைத்த, சமைக்காத காய்கறியும் மீனும் இந்தச் சின்னத்துக்குள் வரலாம், தயாராக வாங்கிய சோஸ் வர முடியாது.

---

குசினிக்காரன் எழுதியது:

மேல சொன்னது எல்லாம் சரி. குசினிக்குள்ள நிண்டு பார்த்தால் தெரியிறதை மட்டும் நான் சேர்க்கிறன். பாரிஸ் ரெஸ்ரோரண்ட் குசினியளில எங்கட ஆக்கள் நிறையப் பேர் வேலை செய்யினம். சில இடங்களில உள்ளுக்க கேட்டால் தமிழிலேயே பதில் வரும். ஆனால் அதை நம்பிப் போகாதேங்கோ, கேக்க வேண்டியதைப் பிரெஞ்சில வடிவாக் கேளுங்கோ.

"வெஜெத்தாரியன்" எண்டு மட்டும் சொன்னால் காணாது. இறைச்சித் துண்டு தட்டில இல்லையெண்டால் சைவம் எண்டு நினைக்கிற ஆக்கள் இன்னும் இருக்கினம். மீனும் குடுப்பினம். அம்மாவுக்கு இப்பிடிச் சொல்லுங்கோ: "சான் வியாந்த், சான் புவாசோன், சான் ஊஃப், சான் பூய்யோன் த வியாந்த்". இறைச்சி, மீன், முட்டை, இறைச்சிச் சாறு நாலும் இல்லாமல் எண்டு அர்த்தம். கடைசிச் சொல்தான் முக்கியம். அதைச் சொன்னால்தான் செர்வர் உள்ளுக்க வந்து கேப்பார்.

ஏன் எண்டால், பிரெஞ்சுச் சமையலில சோஸுக்கு அடி "ஃபோன்". மாட்டுக்கண்டு எலும்பைச் சிவக்க வறுத்து, கரட், வெங்காயம், செலரி போட்டு ஆறு எட்டு மணித்தியாலம் சின்ன நெருப்பில விட்டு, வடிச்சு வத்த வைக்கிறது. இது ஒரு கரண்டி எல்லா இடத்திலயும் விழும். வெங்காய சூப் பார்க்கச் சைவம் மாதிரி, ஆனால் வழமையா மாட்டுச் சாறுதான். அக்டோபரில எல்லா இடத்திலயும் பூசணி சூப் வரும், அதுக்குக் கோழிச் சாறு விடுறவையும் இருக்கினம், வெறும் தண்ணியும் கிறீமும் விடுறவையும் இருக்கினம். கேட்டால் சொல்லுவினம்.

அப்பாவுக்கும் இதே பிரச்சினைதான். கோழி ரோஸ்ற்றுக்கு ஊத்துற "ஜூ" எண்ட இறைச்சிச் சாறிலயும் மாட்டுக்கண்டுச் சாறு சேர்த்திருக்கலாம். "ஜு ந மோன்ஜ் பா த பஃப், நி த வோ, நி த போர்" எண்டு சொல்லுங்கோ. "வோ" எண்டதை விடாதேங்கோ. அது கண்டுக்குட்டி இறைச்சி. பிரெஞ்சுக்காரருக்கு மாடு வேற, கண்டு வேற. "போர்" எழுத்தில கடைசியா ஒரு சி இருக்கும், சொல்லேக்க வராது. சந்தேகம் எண்டால் "சோஸ் ஆ பார்" எண்டு கேட்டால் சோஸைத் தனிக் கிண்ணத்தில தருவினம்.

அப்பாவுக்கு யோசிக்காமல் எடுக்கக்கூடியது மீன். சோல் மெனியேர் எண்டால் மீனை மாவில பிரட்டி வெண்ணெயில பொரிச்சு எலுமிச்சை, பார்ஸ்லி. சாறு ஒண்டும் இல்லை. விலை கூட. கபியோ எண்ட கொட் மீனுக்கு வாற "பர் ப்ளோன்" சோஸ் சின்ன வெங்காயம், வெள்ளை வைன், வினாகிரி, வெண்ணெய் மட்டும்தான். வைன் வேண்டாம் எண்டால் இதையும் மூல் மரினியேர் மட்டியையும் விட வேணும். ஆட்டிறைச்சியில "சூரி தாஞோ" எண்டு இருந்தால் எடுங்கோ, காலெலும்போட மணித்தியாலக் கணக்கில வெந்தது, எங்கட வாய்க்குப் பிடிக்கும். அதோட வாற சாறைப் பற்றி மட்டும் கேளுங்கோ.

வாத்து கட்டாயம் சாப்பிட்டுப் பார்க்க வேணும். ஆனால் எது எண்டு தெரிஞ்சு எடுங்கோ. "மக்ரே" நெஞ்சுத் துண்டு, நடுவில ரோஸ் நிறமாத்தான் வரும். அதை நல்லா வேக வையுங்கோ எண்டு அனுப்பினால் தண்ணி வத்தித் தோல் செருப்பு மாதிரி வரும், பிழை குசினியில இல்லை, அந்தச் சதை அப்பிடி. "கோன்ஃபி" எண்டது கால். உப்பில ஊற வைச்சு, தன்ர கொழுப்பிலேயே கொதிக்க விடாமல் ரெண்டு மூண்டு மணித்தியாலம் வேக வைச்சு, பேந்து தோலை முறுக விடுறது. முழுக்க வெந்தது, எலும்பை விட்டுக் கழண்டு வரும். அதோட வாற உருளைக்கிழங்கும் வாத்துக் கொழுப்பில பொரிச்சதுதான், அம்மா அதில கை வைக்கக்கூடாது.

மாடு சாப்பிடுறவைக்கு: செர்வர் "கெல் குயிசோன்?" எண்டு கேப்பார். "ப்ளு" வெளியால சூடு காட்டினது மட்டும். "சென்யோன்" இரத்தச் சிவப்பு. "ஆ புவான்" எண்டதை நடுத்தரம் எண்டு மொழிபெயர்ப்பினம், ஆனால் வெளிநாட்டு அளவுக்கு அது ஒரு படி குறைவு, நடுவில சிவப்பா ஈரமா இருக்கும். சிவப்புப் பார்க்க ஏலாது எண்டால் "பியான் குயி". அதைவிட நல்லது, பஃப் பூர்கினியோன் மாதிரி மெதுவா வெந்ததை எடுக்கிறது. "தார்தார்" முழுக்கப் பச்சை இறைச்சி. மீன் தார்தாரும் பச்சைதான்.

ஒளிஞ்சு இருக்கிற பண்டி இறைச்சி கனக்க. "லார்தோன்" எண்ட சின்னத் துண்டுகள் சலாட், பருப்பு, கோக் ஓ வான் (வைனில வேக வைச்ச கோழி) எல்லாத்திலயும் இருக்கும். தெரின், பதே, ரியெத் (அரைச்ச, பிய்ச்ச இறைச்சி வகையள்) எல்லாம் கோழி, முயல் எண்டு பேர் இருந்தாலும் பண்டிக் கொழுப்புச் சேரும். புளிச்ச கோஸ் மீனோட வந்தாலும் கோஸ் வாத்து அல்லது பண்டிக் கொழுப்பில வெந்திருக்கலாம். "ஆந்துயெத்" பண்டிக் குடல் சொசேஜ், மணமே காட்டிக் குடுக்கும். "ரி த வோ" சோறு இல்லை, கண்டுக்குட்டியின்ர கழுத்துச் சுரப்பி. சோத்துக்கு உச்சரிப்பு அதேதான், எழுத்தில கடைசி எழுத்து மட்டும் வேற.

அம்மாவுக்கு எடுக்கக்கூடியது: துருவின கரட் சலாட், லீக்ஸ் வினேக்ரெத் (மேல முட்டை தூவ வேண்டாம் எண்டு சொல்லுங்கோ), ஷேவ்ர் ஷோ எண்ட சுட்ட ஆட்டுச் சீஸ், பாண் (ரொட்டி) வைச்ச சலாட், லார்தோன் இல்லாமல். பிரதானத் தட்டில சைவம் இல்லையெண்டால் "துரோவா கார்னித்யூர்" கேளுங்கோ: மற்றத் தட்டுகளுக்குப் பக்கத்தில வைக்கிற மூண்டை ஒண்டாப் போட்டுத் தருவினம். ரத்தத்துய் (கத்தரிக்காய், தக்காளிக் கூட்டு மாதிரி), கிறீமில வேக வைச்ச உருளைக்கிழங்கு கிரத்தான், பச்சை பீன்ஸ், உள்ளி போட்ட காளான். அக்டோபர் காட்டுக் காளான் காலம், அதைத் தவற விடாதேங்கோ. செலரி ரெமுலாத் மயோனேஸில செய்யிறது, முட்டை. ஃப்ரித் சில பிஸ்ட்ரோவில மாட்டுக் கொழுப்பில பொரிக்கிறவை, அதைப் பெருமையா பலகையில எழுதியும் வைப்பினம். எண்ணெயில பொரிச்சாலும் அதே எண்ணெயில மீனும் போகும்.

பாண் பயப்பிடாமல் சாப்பிடலாம். பாகெத் அடிப்படையில மாவு, தண்ணி, உப்பு, ஈஸ்ட்தான். "த்ராதிசியோன்" பாகெத்துக்கு 1993 அரசாணையே இருக்கு. பிரியோஷில முட்டை இருக்கு. இனிப்பு எண்டால் கஷ்டம்: க்ரேம் ப்ரூலே, சொக்லேற் மூஸ், வனிலா ஐஸ்கிறீம் எல்லாம் முட்டை. பானா கோத்தாவில ஜெலற்றின், அது மிருகத்தின்ர எலும்பு, தோலில இருந்து எடுக்கிறது. சோர்பே (பழ ஐஸ்), பழச் சலாட், தார்த் தத்தான் எண்ட அப்பிள் இனிப்பு எண்டு பாருங்கோ, தத்தானுக்கு மாவில முட்டை இருக்கோ எண்டு கேட்டிட்டு. சீஸுக்குப் பாலைத் திரைய வைக்க, கண்டுக்குட்டி வயித்தில இருந்து எடுக்கிற ரெனெற் பெரும்பாலும் சேர்ப்பினம். அம்மா அதையும் பார்க்கிறவ எண்டால் சீஸை முழுக்க விட வேணும்.

ஒண்டு மட்டும் செய்யாதேங்கோ. விருப்பமில்லாததுக்கு "அலெர்ஜி" எண்டு சொல்லாதேங்கோ. குசினியில அது வேற நடைமுறை: பலகை, கத்தி, சட்டி எல்லாம் மாத்த வேணும், நெரிசலான நேரத்தில தரமாட்டம் எண்டும் சொல்லிப் போடுவினம். 14 அலெர்ஜிப் பொருளுக்கு எழுத்தில பட்டியல் வைச்சிருக்க வேணும் எண்டு சட்டம். முட்டையை அதில பார்க்கலாம். மாடும் பண்டியும் அந்தப் பட்டியலில வராது, அதை வாயாலதான் கேக்க வேணும்.

---

காவிரிக்கரை எழுதியது:

குசினிக்காரன் அண்ணா, இவ்வளவு விவரம் எங்கும் கிடைக்கவில்லை, மிக்க நன்றி. சொற்களைப் பிரெஞ்சு எழுத்தில் போனில் எழுதி வைத்துக்கொள்கிறேன். ரெனெட் அம்மாவுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் ஐந்து நாளும் மற்றவர் தட்டின் பக்கவாட்டில் வைப்பதையே அம்மா சாப்பிட வேண்டுமா? ஒரு வேளையாவது அவருக்கென்றே முழுச் சாப்பாடாக ஏதாவது உண்டா? பில், டிப்ஸ், தண்ணீர் இதெல்லாம் எப்படி என்றும் யாராவது சொல்லுங்கள்.

---

தோசைக்கல் எழுதியது:

க்ரேப்ரிக்கு, அதாவது தோசை போல மெல்லிய க்ரேப் சுட்டுத் தரும் உணவகத்துக்குப் போங்கள். பிரான்சின் மேற்கே உள்ள பிரித்தானி பகுதியின் உணவு, ஐயமில்லாமல் பிரெஞ்சு, அம்மாவுக்கு முழுத் தட்டு கிடைக்கும். பிரித்தானியிலிருந்து வரும் ரயில்கள் மோன்பர்னாஸ் நிலையத்தில் வந்து நிற்பதால் அந்த ஊர்க்காரர்கள் அதைச் சுற்றியே குடியேறினார்கள். மோன்பர்னாஸ் தெருவிலும் ஒதெஸா தெருவிலும் வரிசையாக க்ரேப்ரிகள். கார் த லியோனிலிருந்து 14ஆம் மெட்ரோவில் ஒரே நிறுத்தம், பெர்சி. அங்கே 6க்கு மாறி எட்கார் கினேயில் இறங்குங்கள்.

காரத் தட்டு "கலெத்", பக்வீட் மாவில் செய்வது. பெயரில் வீட் இருந்தாலும் கோதுமை அல்ல. மாவு குறைந்தது ஒரு மணி நேரம் ஊற வேண்டும். 40 செ.மீ. வட்ட இரும்புக் கல்லில் மரக்கட்டையால் சுழற்றித் தேய்ப்பார்கள். கல் சூடு போதாவிட்டால் ஓட்டை விழாமல் சப்பென்று வரும், ஓரம் முறுகாது. நம் ரவா தோசைக்கு உள்ள அதே நியாயம்தான்.

கேட்க வேண்டியது ஒன்றே: "இல் யா தெஸ் ஊஃப் தான் லா பாத்?", மாவில் முட்டை உண்டா? மாவும் தண்ணீரும் உப்பும் மட்டும் போடும் கடைகளும் இருக்கின்றன, நிறத்துக்கும் இழைவுக்கும் ஒரு முட்டை சேர்க்கும் கடைகளும் இருக்கின்றன. இல்லை என்றால் அம்மாவுக்கு காளானும் சீஸும், அல்லது ஆட்டுச் சீஸ், தேன், வால்நட். "கோம்ப்ளெத்" என்பது முட்டை, பன்றி இறைச்சி, சீஸ் மூன்றும் வைத்தது. அப்பாவுக்கு "சான் ஜாம்போன்" என்று சொல்லி வாங்கலாம். ஒரே கல்லில் எல்லாம் போடுவார்கள் என்பது அம்மாவுக்கு ஒத்துவருமா என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப்பு க்ரேப் கோதுமை மாவு, பால், முட்டையில் செய்வது. அதற்குப் பதில் அதே பக்வீட் கலெத்தில் உப்பு வெண்ணெயும் சர்க்கரையும் வைத்துத் தரச் சொல்லுங்கள், மறுக்கமாட்டார்கள். என்னைக் கேட்டால் இனிப்பு க்ரேப்பைவிட அதுதான் நன்றாக இருக்கும். பக்கத்தில் வரும் ஆப்பிள் சாறு போன்ற சீத்ர் மது. இனிப்பான "தூ" வகையில்கூட 3 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கும். வேண்டாதவர்கள் "ஜு த பொம்" கேட்க வேண்டும். காரத் தட்டு ஒன்று, இனிப்பு ஒன்று, குடிக்க ஒன்று, ஆளுக்கு 20 முதல் 25 யூரோ.

---

மேசைவிரிப்பு எழுதியது:

க்ரேப்ரி நல்ல யோசனை, நான் விட்டுவிட்டேன். மிச்சக் கேள்விகளுக்கு வருகிறேன்.

உள்ளே நுழைந்ததும் "போன்ஜூர்", மாலை 6க்கு மேல் "போன்சுவார்". இதைச் சொல்லாமல் நேரே மேசை கேட்டால் மரியாதைக் குறைவு. பிறகு அவர்கள் முகம் கொடுக்கவில்லை என்று வருத்தப்படுவதில் பயனில்லை. காலியாக இருக்கிறதே என்று போய் உட்காரக் கூடாது, அவர்கள் காட்டும் இடத்தில் உட்கார வேண்டும். பரிமாறுபவரை "முஸ்யூ", "மதாம்" என்று கூப்பிடுங்கள்.

தண்ணீர்: "உன் கராஃப் தோ, சில் வு ப்ளே" என்றால் குழாய்த் தண்ணீரைக் குப்பியில் இலவசமாகக் கொண்டுவருவார்கள். இது சட்டப்படி உங்கள் உரிமை. குடிக்க நல்ல தண்ணீர்தான். வெறுமனே "தண்ணீர்" என்று கேட்டால் 5 முதல் 8 யூரோவுக்குப் போத்தல் வரும். நான்கு பேருக்கு ஐந்து நாளில் இந்த ஒரு சொல் மிச்சப்படுத்தும் பணத்தில் ஒரு வேளை சாப்பிடலாம். ரொட்டியும் சாப்பாட்டோடு இலவசம், தீர்ந்தால் கேட்கலாம். மேசை விரிப்பின் மேலேயே வைத்துக் கையால் பிய்த்துச் சாப்பிடுவதுதான் அங்கே வழக்கம், தனித் தட்டைத் தேட வேண்டாம்.

வரிசை: முதல் தட்டு, பிரதானம், சீஸ், இனிப்பு, அதன் பிறகே காபி. காபியும் இனிப்பும் சேர்ந்து வர வேண்டுமானால் சொல்லித்தான் வாங்க வேண்டும். "கஃபே" என்றால் சிறு கோப்பையில் கறுப்புக் காபி. சிறிது பால் வேண்டுமென்றால் "நுவாசெத்". நடுவில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கத்தியையும் முள்கரண்டியையும் பக்கம் பக்கமாகச் சேர்த்து வைத்துவிட்டால் முடித்துவிட்டீர்கள் என்று தட்டை எடுத்துவிடுவார்கள். அப்பாவிடம் முன்பே சொல்லி வையுங்கள். காரம் வேண்டுமென்றால் "மூத்தார்த்" கேளுங்கள், தீஜோன் கடுகு மூக்கில் ஏறும். முட்டை கிடையாது என்பதால் அம்மாவும் தொட்டுக்கொள்ளலாம்.

பிஸ்ட்ரோவில் ஆளுக்கு ஒரு பிரதானத் தட்டு என்பது எழுதாத விதி. நான்கு பேர் இரண்டு தட்டைப் பகிர்ந்தால் முகம் சுளிப்பார்கள். அம்மா முதல் தட்டு இரண்டையே பிரதானமாக எடுப்பதில் தவறில்லை, "கோம் ப்ளா" என்று சொன்னால் மற்றவர்களின் பிரதானத்தோடு சேர்த்துக் கொண்டுவருவார்கள். சொல்லாவிட்டால் மற்றவர்கள் சாப்பிடும்போது அவர் முன்னால் வெறும் மேசைதான் இருக்கும்.

பில் தானாக வராது. கேட்காமல் கொண்டுவருவது உங்களைத் துரத்துவதாகும் என்று நினைக்கிறார்கள். "லதிசியோன், சில் வு ப்ளே" என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். பட்டியலில் உள்ள விலையில் வரியும் சேவைக் கட்டணமும் அடக்கம். நன்றாகக் கவனித்தார் என்றால் மேசையில் ஓரிரண்டு யூரோ நாணயம் வைக்கலாம், பெரிய இடத்தில் 5 சதவீதம். அட்டை இயந்திரத்தில் 10, 15, 20 சதவீதம் என்று திரை காட்டினால் வேண்டாம் என்பதை அழுத்திவிட்டுத் தொடரலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள். இயந்திரம் ரூபாயில் கழிக்கட்டுமா, யூரோவிலா என்று கேட்டால் யூரோவைத் தேர்ந்தெடுங்கள், ரூபாய் என்றால் மாற்று விகிதம் மோசமாக இருக்கும்.

கடைசி நாள் செலவுக்கு இரண்டு வழி. உங்கள் நிலையத்துக்குள்ளேயே மாடியில் லு த்ரான் ப்ளு இருக்கிறது. 1901ல் திறந்த கூடம், ரயில் போகும் ஊர்களை விதானம் முழுக்க வரைந்திருக்கிறார்கள். கூடத்துக்காகப் போகும் இடம். அங்கே காபி மட்டும் குடித்துவிட்டும் பார்க்கலாம். சமையலுக்காகச் செலவு செய்வதென்றால் மிஷ்லின் கையேட்டில் ஒரு நட்சத்திரம் பெற்ற உணவகத்தின் வார நாள் மதிய மெனு, ஆளுக்குச் சுமார் 50 முதல் 90 யூரோ. பதிவு செய்யும்போதே குறிப்புப் பெட்டியில் அம்மாவின் நான்கு "சான்"களையும் அப்பாவின் மூன்றையும் எழுதிவிடுங்கள். 48 மணி நேரம் முன்பு தெரிந்தால் அம்மாவுக்குத் தனியாக ஐந்து தட்டு யோசித்து வைப்பார்கள். அங்கே போய்ச் சொன்னால் கிடைப்பது காய்கறித் தட்டு ஒன்றுதான். காய்கறியையே முழுமையாக எடுத்துக்கொண்ட ஒரு மூன்று நட்சத்திர இடமும் உண்டு: அலேன் பஸ்ஸாரின் லார்பேஜ். 2001லேயே சிவப்பு இறைச்சியை நிறுத்தியவர், 2025ல் மீன், பால், முட்டையையும் விட்டுவிட்டார். ஆனால் ஆளுக்கு நூற்றுக்கணக்கில் யூரோ ஆகும், உங்கள் கணக்குக்கு வெளியே.

---

குசினிக்காரன் எழுதியது:

நேரம் பற்றி இன்னுமொண்டு. 12 மணிக்கும் 7 மணிக்கும், கதவு திறந்த உடனை போனால் செர்வருக்கு உங்களோட கதைக்க நேரம் இருக்கும், குசினியிலயும் அம்மாவின்ர தட்டுக்குத் தனிச் சட்டி வைக்க இடம் இருக்கும். 1 மணிக்கும் 8:30க்கும் ஒரே நேரத்தில இருபது தட்டு அடுப்பில நிக்கும். அந்த நேரம் "சான் பூய்யோன்" எண்டு சொன்னால் செர்வர் உள்ளுக்க வந்து கேக்காமலே "வி, வி" எண்டிட்டுப் போயிடுவார்.

மிஞ்சினதைக் கட்டித் தரச் சொல்ல வெக்கப்பட வேண்டாம். 2021 ஜூலையில இருந்து கேட்டால் பெட்டி தரவேணும் எண்டு சட்டம். கோன்ஃபி அடுத்த நாளும் நல்லா இருக்கும். மீனையும் தார்தாரையும் மட்டும் கொண்டு போகாதேங்கோ.